பெயர் கேட்காமல் எடுத்த படம்

கொட்டாஞ்சேனை வாசகி எழுதியது:

சென்ற மாதம் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையில் அரிசி நிறுத்து முடியும்வரை காத்து நின்றபோது, சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டி ஒன்றில், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் என் பெரியம்மாவைக் கண்டேன். ஆண்டு முடிந்து நெடுநாளாகியும், படம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கடைக்காரர் அதைக் கழற்றாமல் வைத்திருந்தார். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, பின்னால் பச்சை மலையும் பனியும், முகம் நிறைந்த சிரிப்பு. சாயலைக் கண்டு ஏமாறுகிறேனோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் சிறுவயதில் விறகுக்கட்டு சரிந்து இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த அந்தத் தழும்பு வேறு யாருக்கும் இருக்க முடியாது. படத்தின் கீழே அவருடைய பெயர் இல்லை. மலைநாடு சிரித்து வரவேற்கிறது என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருந்தது. நாட்காட்டியை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. பேச வேண்டியது வேறு.

கைபேசியில் படம் பிடித்து வந்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கொழுந்தைப் பிடித்திருக்கும் வலது கைப் பெருவிரலில் கறையே இல்லை. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல் அப்படி இருக்காது. கறை தோலுக்குள் இறங்கி, நக ஓரத்து வெடிப்புகளில் கறுப்புக் கோடுகளாக நின்றுவிடும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. யாரோ கணினியின் முன் உட்கார்ந்து அந்தக் கறையைத் துடைத்திருக்கிறார்கள்.

அன்றிரவே தொலைபேசியில் கேட்டேன். "ஆமா, ஒரு தொப்பிக்காரர் வந்தாரு. திரும்பு, சிரி, கூடைய இப்படிப் புடின்னாரு. ஒரு மணி நேரம் போயிருச்சு. அன்னைக்கு கிலோ காணல, அரைப் பேருதான் போட்டாங்க" என்றார். தோட்டத்து வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலை பதிவாவதைப் பேர் போடுவது என்பார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அரை நாள் சம்பளம், அதாவது அரைப் பேர். படம் எடுத்த நாளில் அவருக்கு அரைப் பேர்; படத்திலோ பேரே இல்லை.

அன்று முதல் என் நினைவு 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தையே சுற்றி வருகிறது. பட்டாணி பறிக்க வந்து, உறைபனியில் பயிர் அழிந்ததால் வேலையற்றுக் கிடந்தவர்களின் முகாம் அது. கந்தல் கூடாரத்தின் கீழே ஒரு தாய், தோளில் முகம் புதைத்த இரு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. எடுத்தவர் டொரோத்தியா லாங். அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் சம்பளம் பெற்றுப் பணியாற்றியவர். பெயரையோ வரலாற்றையோ தான் கேட்கவில்லை என்று 1960 இல் அவரே எழுதினார். வயது 32, ஏழு பிள்ளைகளின் தாய் என்ற விவரத்தோடு படம் உலகம் சுற்றியது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1978 இல்தான் அந்தப் பெண் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர், ஒக்லஹோமாவில் பிறந்தவர், உழவர்களை ஊரைவிட்டு விரட்டிய தூசுப் புயல்கள் தொடங்குவதற்கு முன்பே கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டவர். கார் பழுதாகி, அதைச் சரிசெய்யப் போனவர்கள் திரும்பும்வரைதான் அந்த முகாமருகே காத்திருந்தார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியதையும் அவர்கள் மறுத்தார்கள். அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று தொம்சன் வருந்தினார். அரசுப் பணியில் எடுத்த படம் என்பதால் அதன்மேல் எவருக்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் லாங் அச்சிட்ட ஒரு பிரதி 1998 இல் இரண்டு இலட்சத்து நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறு டொலருக்கு ஏலம் போனது.

அந்தப் படத்திலும் ஒரு பெருவிரல் உண்டு. கூடாரக் கம்பைப் பற்றிய கையின் பெருவிரல் கீழ் மூலையில் தெரிந்தது. அழகைக் கெடுக்கிறது என்று லாங் பின்னர் மூலத் தகட்டிலேயே அதை மங்கச் செய்வித்தார். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பெயரைக் கேட்காமல் போவது சிறு மறதியா, படத்தின் பொருளையே மாற்றிவிடும் குறையா? இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

மருதானை இருட்டறை எழுதியது:

மகள், நாற்பது வருடம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பெரியம்மாவின் விரலைத் துடைத்தது தவறு. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் லாங்கை அந்த நாட்காட்டிக்காரரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

அந்தப் படங்களில் சில சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வெளிவந்தவுடன், முகாமிலிருந்தவர்களுக்காக அரசு இருபதாயிரம் இறாத்தல் உணவு அனுப்பியது. ஆயிரக்கணக்கானோர் பட்டினி கிடந்த இடத்துக்கு அது சிறு காரியமல்ல. லாங் ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் விந்தியவர். கனத்த பெட்டிக் கமராவோடு ஒரு மாதம் வயல்வயலாக அலைந்துவிட்டு, மழையில் வீடு திரும்பும் வழியில் முகாமின் அறிவிப்புப் பலகையைக் கடந்து இருபது மைல் போனபின் மனம் கேளாமல் வண்டியைத் திருப்பியவர். திரும்பாமல் போயிருந்தால் நாம் இன்று பேசுவதற்கு அந்தப் படமே இருந்திராது.

இன்னொன்றும் உண்டு. பொதுவாக லாங் பெயர் கேட்காதவர் என்பதல்ல, சொல் கேட்டவர். அவருடைய கணவர் போல் டெய்லர் பொருளியல் பேராசிரியர். 1935 இல் இருவரும் சேர்ந்து வயல் தொழிலாளர் நிலை குறித்து அறிக்கைகள் தயாரித்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர் சொன்ன வார்த்தை, எங்கிருந்து வந்தார், என்ன கூலி என்ற விவரம் எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றின் பலனாகத்தான் மேரிஸ்வில்லிலும் ஆர்வினிலும் இடம்பெயர் தொழிலாளருக்கு அரசு முதல் முகாம்களைக் கட்டியது. நல்ல தண்ணீரும் கழிவறையும் உள்ள முகாம்கள். நிபோமோவில் பத்து நிமிடம்தான் நின்றார். களைத்திருந்தார்.

படங்களைத் தெரிவு செய்பவரின் கை எவ்வளவு கனமானது என்பதையும் நினைத்துப் பாருங்கள். லாங் பணியாற்றிய அரசுப் புகைப்படப் பிரிவின் தலைவர் ரோய் ஸ்ட்ரைக்கர் என்ன எடுக்கவேண்டும் என்று பட்டியல் எழுதி அனுப்புவார். பிடிக்காத படச்சுருளில் துளைக்கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். சில படங்களில் ஒருவருடைய முகத்தின் நடுவிலேயே கறுப்பு வட்டம் நிற்கிறது. ஆனால் அதே மனிதர்தான் லாங் பெருவிரலை அழித்ததை விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளைத் தகடுகள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. நம் தோட்டங்களைப் பற்றி அப்படி ஒரு களஞ்சியம் எங்கே இருக்கிறது?

போகவந்தலாவை ஆசிரியர் எழுதியது:

இருட்டறை ஐயா கேட்ட கடைசிக் கேள்வி என்னை உறுத்துகிறது. நம்மைப் பற்றிய படங்கள் இல்லாமலில்லை. வெளிநாட்டு நூலகங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஆனால் அவை நமக்காக எடுக்கப்பட்டவை அல்ல.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. நம் மூதாதையர் பலர் கப்பலேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்ததற்கு அந்தப் பஞ்சமும் ஒரு பெருங்காரணம். அதே பஞ்சத்தை ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமான குடும்பங்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து, கமராவை நேருக்கு நேர் நிறுத்தி எடுத்த படங்கள் அவை. உணவு கொடுக்காமல் படம் மட்டும் எடுத்தார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர்மேல் இருக்கிறது. நான் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இதில் ஒருவர் எங்கள் பாட்டனின் தகப்பனுக்கு அண்ணனாக இருக்கலாமே என்று நினைப்பேன். பெயர் இல்லாததால் அவர் யாராகவும் இருக்கலாம். அதனால் யாருமே இல்லாமலும் போகிறார்.

எங்கள் ஊரின் புனித மரியாள் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற அந்தப் புகைப்படக் கலைஞர் 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் டெனிசனுக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்த தொழிலாளருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. எங்கள் பிள்ளைகளை ஒரு முறை அந்தக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், இவங்க எடுத்த நம்ம ஆளுங்களோட கல்லறை எங்க?" என்று கேட்டாள். காடு வெட்டிக் கோப்பி நட்டவர்களையும், அது நோயில் அழிந்தபின் தேயிலை நட்டவர்களையும் எங்கே புதைத்தார்களோ அங்கே இன்று தேயிலைச் செடிதான் நிற்கிறது. அவளுக்கு அதைத்தான் சொன்னேன்.

ஆகவே கொட்டாஞ்சேனைத் தங்கையோடு நான் உடன்படுகிறேன். பெயரில்லாத படம் ஏழையை ஒரு வகைமாதிரியாக்கிவிடுகிறது. தொம்சனைப் பாருங்கள்: செரோக்கிப் பெண் என்று தெரிந்திருந்தால், நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடியின் கதையும் அந்த முகத்தில் சேர்ந்து தெரிந்திருக்கும். பெயர் கேட்காததால் அவர் ஐரோப்பிய வம்சத்து உழவரின் துன்பத்துக்கு அடையாளமாகிவிட்டார்.

தெமட்டகொடை நண்பன் எழுதியது:

எல்லாவற்றிலும் பெயர் போடவேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகுகிறது என்று முகத்தோடும் பெயரோடும் ஒருவர் சொன்னால், அடுத்த நாள் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர்தான் தோட்டத்துத் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டும். பெயரை மறைப்பதும் சில வேளை மரியாதைதான்.

ஆனால் நான் செய்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்தேன். நன்கொடையாளருக்கான அறிக்கைக்காக ஒரு தோட்டத்துப் பாலர் நிலையத்தில் பிள்ளைகளைப் படம் எடுத்தோம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து தாய்மார் பிள்ளைகளுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, பண்டிகைக்கு வாங்கிய செருப்பைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னோம். சொன்னது என் வாய்தான். கழற்றிய செருப்புகளைச் சுவரோரம் ஒழுங்காக அடுக்கிவிட்டு அந்தப் பிள்ளைகள் ஈரச் சீமெந்தில் நின்றார்கள். ஒரு பையன் மட்டும் மாட்டேன் என்றான். அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினோம். அந்தப் படத்துக்குப் பணம் வந்தது, கழிவறையும் கட்டினார்கள். இருந்தாலும் அந்தச் சுவரோரத்துச் செருப்புகளை என்னால் மறக்க முடியவில்லை.

கொட்டாஞ்சேனை வாசகி எழுதியது:

தெமட்டகொடை அண்ணா, இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பெயரை வெளியிடுவது வேறு, பெயரைக் கேட்பது வேறு என்பதை உங்கள் பதிவைப் படித்தபின்தான் தெளிவாகப் பிரித்துப் பார்த்தேன். கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருடைய நன்மைக்காக மறைத்தால் அது காவல். கேட்காமலே போனால் மறைப்பதற்கு அங்கே எதுவுமில்லை. கேட்க உட்கார்ந்தால்தானே கார் பழுதான கதை வரும், டயர் விற்கவில்லை என்பது தெரியும், அரைப் பேர் விழப்போகிறது என்பதும் தெரியும்.

இருட்டறை ஐயா, நீங்கள் எழுதியதே என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1935 இல் சொல்லும் கணக்கும் சேர்த்து எடுத்த படங்கள் முகாம் கட்ட உதவின. நிபோமோவில் சொல் இல்லாத படத்துக்கு ஒரு தடவை உணவு வந்தது. அந்த உணவு வந்து சேர்ந்தபோது தொம்சனின் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டது. படம் பரவியது, படத்திலிருந்தவர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. லாங்கின் களைப்பை நான் மதிக்கிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் ஒருவர் பத்து நிமிடத்தில் விட்டுப்போன ஒன்றை நாற்பது வருடத்திலும் சரிசெய்ய முடியாமல் போனது என்றுதான் சொல்கிறேன்.

மருதானை இருட்டறை எழுதியது:

முகாம்களைப் பற்றிய உங்கள் வாதம் சரிதான், மகள். ஏற்றுக்கொள்கிறேன்.

செருப்புக் கதையைப் படித்ததும் ஆர்தர் ரொத்ஸ்டைன் நினைவுக்கு வந்தார். அவரும் ஸ்ட்ரைக்கரின் குழுதான். 1936 இல் தென் டகோட்டாவின் வறண்ட நிலத்தில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்துப் பல கோணங்களில் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. அரசுக்கு எதிரான பத்திரிகைகள், வறட்சிப் படமே மோசடி என்று எழுதித் தீர்த்தன. வறட்சி உண்மை. மாடுகள் செத்ததும் உண்மை. ஒரு மண்டையோட்டை நகர்த்தியதால் உண்மையாக எடுத்த ஆயிரம் படங்களின்மேலும் சந்தேகம் விழுந்தது. கறையைத் துடைப்பவர்களும் செருப்பைக் கழற்றுபவர்களும் இதை நினைக்க வேண்டும். ஒருவர் வறுமையை மறைக்கிறார், மற்றவர் வறுமையைக் கூட்டுகிறார், இரண்டிலும் எதிரே நிற்கும் ஆளின் பேச்சுக்கு இடமில்லை.

பெயரை மறைப்பது பற்றியும் ஒன்று. அதே 1936 இல் வோக்கர் எவன்ஸ் அலபாமாவின் ஹேல் மாவட்டத்தில் மூன்று பருத்திக் குத்தகைக் குடும்பங்களைப் படம் எடுத்தார். 1941 இல் நூலானபோது அதை எழுதிய எழுத்தாளர் அவர்களுக்கு மாற்றுப் பெயர் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர்களில் சிலரும் அவர்கள் பிள்ளைகளும் பல வருடம் கழித்துத் தங்களை இப்படிக் காட்டிவிட்டார்களே என்று மனம் நொந்தார்கள். முகம் அப்படியே இருக்கும்போது பெயரை மட்டும் மாற்றி எதை மறைக்க முடியும்?

நான் எடுத்த படங்களை நேற்று இறக்கிப் பார்த்தேன். 1980களில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் எடுத்த சுருள்கள். உறையின்மேல் என் கையெழுத்தில் "தோட்டப் பெண்கள், மழை" என்று இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

போகவந்தலாவை ஆசிரியர் எழுதியது:

ஐயா, அந்தச் சுருள்களைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்துத் தந்தால் நான் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறேன். வயதானவர்கள் முகத்தைப் பார்த்தே இன்னார் மகள், தோட்டத்தின் இன்ன டிவிசன் என்று சொல்லிவிடுவார்கள். நாற்பது வருடம் கழித்துப் பெயர் கேட்பது தாமதம்தான்; இன்னும் பத்து வருடம் போனால் சொல்வதற்கும் ஆள் இருக்காது.

எங்கள் வீட்டில் பாட்டி குடும்பத்தின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கடவுச்சீட்டுக்காக எடுத்தது. குடியுரிமையை 1948 இல் பறித்தபோது எவரும் எங்களைப் படம் எடுக்கவில்லை, அனுப்பும்போதுதான் எடுத்தார்கள். அதில் எல்லோருடைய பெயரும் வரிசையாக இருக்கிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்தப் படம் சாட்சி. யார் கேட்டார், எதற்காகக் கேட்டார் என்பதும் வேண்டும்.

தொம்சனின் கதையின் கடைசிப் பகுதியையும் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். 1983 இல் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் பத்திரிகை மூலம் உதவி கேட்டார்கள். முகம் தெரியாதவர்களிடமிருந்து முப்பத்தையாயிரம் டொலர் அளவில் வந்து சேர்ந்தது. கூடவே கடிதங்கள், கட்டுக்கட்டாக. அதுவரை அந்தப் படத்தை வெட்கமாக நினைத்த பிள்ளைகள் அந்தக் கடிதங்களைப் படித்தபின்தான் அதைப் பெருமையோடு பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது பெயர் தெரிந்திருந்தது. எழுதியவர்கள் அந்தப் பெயருக்கு எழுதினார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி எழுதியது:

போன வாரம் இரவு ரயிலில் ஊருக்குப் போய்வந்தேன். நாட்காட்டிப் பக்கத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொண்டுபோனேன். பெரியம்மா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் நீண்ட நேரம் பார்த்தார். முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். பிறகு தன் வலது கையைப் படத்துக்கு மேல் வைத்து விரலோடு விரலை ஒப்பிட்டார். எதுவும் சொல்லவில்லை.

நான் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். இப்படியே வேண்டாம் என்று உள்ளே போய், நீலச் சேலை உடுத்தி வந்தார். கூடை வேண்டாம் என்றார். லயக் காம்பராவுக்கு முன்னால் தானே நட்ட ரோசாச் செடியின் பக்கத்தில், பேத்தியின் பாடசாலைச் சான்றிதழைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்தக் கையில் கறை அப்படியே தெரிந்தது. அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. ஹட்டன் நகரில் அச்செடுத்து மாலையில் கொண்டுவந்து கொடுத்தேன். இங்கே அந்தப் படத்தை இடமாட்டேன். அது அவருடையது.

படத்தின் பின்புறத்தில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: தன் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், டிவிசன், எந்த மலையில் நிரை பிடித்தார், பெரிய கொழுந்துக் காலத்தில் ஒரு நாளில் அதிகமாக எத்தனை கிலோ எடுத்தார், எந்த வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தார். முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். பேர் பதிந்த வயதைப் பதினான்கு என்று எழுதியிருந்தேன். "பதிமூணு. வயசக் கூட்டித்தான் பதிஞ்சாங்க. பதிமூணுன்னே போடு" என்றார். வெட்டிவிட்டுப் பதின்மூன்று என்று எழுதிக் கொடுத்தேன்.